ஐந்து உத்தரவுகள், நான்கு நாடுகள்: வங்கதேச வங்கிக் கொள்ளையில் பணம் எங்கே நின்றது, எங்கே ஓடியது

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை. டாக்காவின் மோத்தீஜீல் பகுதியில் இருக்கும் வங்கதேச வங்கியின் தலைமையகத்தில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வங்கதேச வங்கி என்பது அந்த நாட்டின் மத்திய வங்கி, நமக்கு ரிசர்வ் வங்கி போல. அந்தப் பிரிண்டர் இருந்தது 10-ஆவது மாடியில், சிலர் மட்டுமே நுழையக்கூடிய ஓர் அறையில். வங்கிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக வங்கிக்கு வரும் செய்திகளும் வங்கியிலிருந்து போகும் செய்திகளும் அதில் தானாகவே அச்சாகிக்கொண்டே இருக்கும். அன்று தாள் தட்டு காலி. பணியில் இருந்தவர்கள் வழக்கமான கோளாறு என்று நினைத்தார்கள். வங்கதேசத்தில் வெள்ளி வாரவிடுமுறை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்துக்குள் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசத்தின் அந்நியச் செலாவணிக் கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை எடுத்து அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயிருந்தன. அவற்றில் 5 நிறைவேறின. 10.1 கோடி டாலர் வெளியேறியது. 2 கோடி இலங்கைக்கு, 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்கு. இலங்கைக்குப் போனது முழுதாகத் திரும்பி வந்தது. பிலிப்பைன்ஸுக்குப் போனதில் ஏறக்குறைய 1.5 கோடி மட்டும் திரும்பியது.

ஒரே கொள்ளை, ஒரே நாள், ஒரே கணக்கு. ஒரு பாதையில் பணம் நின்றது, மற்றதில் ஓடியது. சைபர் குற்றத்துக்கு எதிரான சர்வதேச ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பேசப்படுவதையெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே அளந்துவிடலாம் என்பது என் எண்ணம். அதனால்தான் பத்தாண்டு பழைய வழக்கை இத்தனை விவரத்தோடு எழுதுகிறேன்.

ஓராண்டுக் காத்திருப்பு

கொள்ளையர்கள் உள்ளே நுழைந்தது 2016-இல் இல்லை. 2015 ஜனவரியிலேயே வங்கதேச வங்கி ஊழியர்கள் சிலருக்கு வேலை கேட்டு மின்னஞ்சல் வந்தது. பணிவான கடிதம், தன்விவரக் குறிப்பைப் பார்க்க ஓர் இணைப்பு. அதைச் சொடுக்கிய கணினி வழியாக மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், உள்ளே வந்தது. அப்புறம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து நகர்ந்து, பல மாதங்கள் கழித்து, ஸ்விஃப்ட் மென்பொருள் ஓடும் கணினிகளை அடைந்தார்கள்.

ஸ்விஃப்ட் பணத்தைச் சுமந்து போவதில்லை. உலகெங்கும் உள்ள வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் உத்தரவுகளைச் சுமக்கும் செய்தி வலையமைப்பு அது, தலைமையகம் பெல்ஜியத்தில். இந்தக் கொள்ளையில் யாரும் அந்த மைய வலையமைப்பை உடைக்கவில்லை. டாக்காவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கடவுச்சொல்லைத் திருடி, அவர் அனுப்புவது போலவே முறையான உத்தரவை அனுப்பினார்கள். நியூயார்க்கில் பார்ப்பவருக்கு அது உண்மையான உத்தரவாகவே தெரியும்.

அவர்கள் பயன்படுத்திய மால்வேரைப் பின்னாளில் பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். வங்கியில் ஓடிய ஸ்விஃப்ட் மென்பொருளில் ஒரு சரிபார்ப்பு இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நின்றுவிடும். அந்த இடத்தில் இரண்டே இரண்டு பைட்டுகளை மாற்றி, எது நடந்தாலும் ‘சரி’ என்றே பதில் வரும்படி செய்துவிட்டார்கள். அதன்பின் தரவுத்தளத்தில் இருந்த தங்கள் உத்தரவுகளின் தடயத்தை அழிக்க முடிந்தது. மிச்சமிருந்தது பிரிண்டர் ஒன்றுதான். காகிதத்தில் விழுந்துவிட்டால் யாராவது படித்துவிடுவார்களே. அதனால் அதற்குப் போகும் செய்திகளையும் மறித்தார்கள்.

நாள் குறித்ததில்தான் இவர்களுடைய திட்டத்தின் முழுக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. பிப்ரவரி 4 வியாழன் இரவு டாக்காவில் அலுவலகம் காலியான பிறகு வேலையைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் அப்போது வியாழன் காலை, வங்கி திறந்திருக்கிறது. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. டாக்காவில் விஷயம் தெரிந்து பதறும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. நியூயார்க் விழித்துக்கொள்ளும் திங்களன்று, அதாவது பிப்ரவரி 8, மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாடுகளின் நாள்காட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை டாக்கா ஊழியர்கள் ஒருவழியாக இயந்திரத்தை மீண்டும் இயக்கியபோது, நியூயார்க்கிலிருந்து வந்து தேங்கிக் கிடந்த கேள்விகள் கொட்டின. இந்த உத்தரவுகளைக் கொஞ்சம் உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டிருந்தார்கள். டாக்காவிலிருந்து மின்னஞ்சல் போனது, ஃபேக்ஸ் போனது, தொலைபேசியில் முயன்றார்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பதில் சொல்ல யாரும் இல்லை. உலக மத்திய வங்கிகளின் பெரும் சேமிப்பை வைத்திருக்கும் இடத்தில், வாரக் கடைசியில் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு வழி இல்லாமல் இருந்திருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

35-இல் 30 நின்றது எப்படி

நியூயார்க்கைக் குறை மட்டும் சொல்லிவிட முடியாது. முதலில் வந்த 35 உத்தரவுகளையும் அங்கே திருப்பி அனுப்பினார்கள். இடையில் இருக்கும் வங்கிகளின் பெயர்கள் விடுபட்டிருந்தன. கொள்ளையர்கள் திருத்தி மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை 5 உத்தரவுகள் போயின, 30 நின்றன.

அந்த 30-இன் மதிப்பு 85 கோடி டாலர். அது தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம் தற்செயல். பணம் போய்ச்சேர வேண்டிய கிளை மணிலா பெருநகரின் மக்காத்தியில், ஜூபிடர் தெருவில் இருந்தது. ‘ஜூபிடர்’ என்ற பெயர் அமெரிக்கா ஈரான் மீது விதித்திருந்த தடைப் பட்டியலில் இருந்த ஒரு எண்ணெய்க் கப்பலோடு பொருந்தியதால், கணினி எச்சரித்தது. கையால் எடுத்துப் பார்த்தபோதுதான் மற்ற சந்தேகங்கள் எழுந்தன. தெருவின் பெயர் வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், ஒரு ஏழை நாட்டின் சேமிப்பில் ஏறக்குறைய நூறு கோடி டாலர் அதிர்ஷ்டத்தின் மேல் நின்றிருக்கிறது.

கொழும்பில் எழுந்த கேள்வி

இலங்கைப் பாதைக்கு வருவோம். 2 கோடி டாலர் ‘ஷாலிகா ஃபவுண்டேஷன்’ என்ற பெயருக்கு, கொழும்பில் உள்ள பான் ஏசியா வங்கிக்குப் போனது. நடுவில் பணத்தைக் கடத்திவிடும் வங்கி ஜெர்மனியின் டாய்ச்சே வங்கி. உத்தரவில் பெயர் ‘ஃபேண்டேஷன்’ என்று எழுத்துப் பிழையோடு இருந்தது. உலக ஊடகங்கள் எல்லாம் இந்த எழுத்துப் பிழையைத்தான் தலைப்பாகப் போட்டன. ஒரு பிழை கோடிகளைக் காப்பாற்றியது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கொழும்பில் நடந்தது. பான் ஏசியா சிறிய வங்கி. அங்கே பார்த்தவருக்கு இவ்வளவு பெரிய தொகை தங்கள் கிளைக்கு, ஒரு அறக்கட்டளைக் கணக்குக்கு, ஏன் வருகிறது என்ற சந்தேகம் வந்தது. நமக்கு இது பொருந்தவில்லையே, சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று டாய்ச்சே வங்கிக்குத் திருப்பிக் கேட்டார்கள். அங்கே பெயரைப் பார்த்தார்கள், மேலே கேட்டார்கள். சந்தேகம் உறுதியானது, பணம் கணக்கில் இறங்காமலே நின்றது. எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை, எந்த நீதிமன்ற உத்தரவும் தேவைப்படவில்லை. பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன் ஒரு ஊழியர் கேள்வி கேட்டார், கேட்ட கேள்விக்கு இன்னொரு நாட்டில் ஒருவர் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த அறக்கட்டளையை நடத்தியவர் பின்னர் செய்தியாளர்களிடம், ஜப்பானியத் தொடர்பு ஒன்றின் வழியாக மின் திட்டம் முதலான பணிகளுக்கு நிதி வரும் என்று நம்பவைக்கப்பட்டதாகச் சொன்னார். கொழும்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதித்தது. பணம் வந்து இறங்கும் ஊரில் ஒரு பெயர், ஒரு கணக்கு, கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லாமல் உலகின் எந்தப் பெரிய ஹேக்கரும் ஒரு டாலரைக்கூடக் கையில் எடுக்க முடியாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு மணிலாவுக்குப் போவோம்.

மணிலாவில் ஐந்து நாட்கள்

ஆர்சிபிசி வங்கியின் ஜூபிடர் தெருக் கிளையில் 2015 மே மாதமே நான்கு கணக்குகள் திறந்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 500 டாலர். பெயர்கள் போலி, அடையாள ஆவணங்களும் போலி. ஒன்பது மாதம் அந்தக் கணக்குகளில் ஓர் அசைவும் இல்லை. 500 டாலர் 500 டாலராகவே கிடந்தது. திடீரென்று ஒரு நாள் அவற்றில் கோடிக்கணக்கில் வந்து விழுகிறது. கொழும்பில் எழுந்த கேள்வி இங்கே எழவில்லை. எழவிடவில்லை என்றுதான் பின்னால் நடந்த விசாரணையைப் படிப்பவருக்குத் தோன்றும்.

பிலிப்பைன்ஸ் செனட் குழு 2016 மார்ச்சில் நடத்திய பொது விசாரணையில் கிளையின் ஊழியர் ஒருவர் சாட்சி சொன்னார். பிப்ரவரி 5 அன்று பிலிப்பைன்ஸ் நாணயமான பெசோவில் 2 கோடி ரொக்கம் பெட்டியில் வைக்கப்பட்டு, கிளை மேலாளரின் காரில் ஏற்றப்பட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். செவ்வாய், பிப்ரவரி 9 அன்று, பணத்தை நிறுத்துங்கள் என்ற டாக்காவின் செய்திகள் ஆர்சிபிசிக்கு வந்து சேர்ந்திருந்தன. அதே நாளில் பெரும்பகுதிப் பணம் அந்தக் கிளையிலிருந்து வெளியேறியது. பணம் மாற்றும் நிறுவனம் ஒன்றின் வழியாக டாலர் பெசோவாக மாறி, அங்கிருந்து கேசினோக்களுக்குப் போனது.

ஏன் கேசினோ? பிலிப்பைன்ஸில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2001-இலேயே இருந்தது. கேசினோக்கள் அதன் வரம்பில் இல்லை. 2013-இல் சட்டத்தைத் திருத்தியபோதும் அவற்றைச் சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு 1955-இலிருந்து அங்கே வங்கிக் கணக்கு இரகசியச் சட்டம் வலுவாக இருக்கிறது. ஆக, கேசினோ வாசலோடு பணத்தின் தடம் முடிந்துவிடும். உள்ளே போனதும் அது சில்லுகளாக மாறும். பெரும் பணக்கார ஆட்டக்காரர்களை வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்து தனி அறையில் ஆடவைக்கும் ஏற்பாட்டாளர்கள் அங்கே உண்டு. தங்கள் ஆட்களே ஆடும் மேசையில் பக்கராட் என்ற சீட்டாட்டம் ஆடினால் பெரிதாக எதுவும் இழக்க வேண்டியதில்லை. வெளியே வரும்போது அது சூதாட்டத்தில் வென்ற பணம்.

கம்ப்யூட்டர் திருட்டு இங்கே முடிந்து, பழைய காலத்து அமைப்புசார் குற்றம் தொடங்குகிறது. போலி ஆவணம் தயாரிப்பவர், கிளையில் ஒத்துழைப்பவர், பணம் மாற்றித் தருபவர், கேசினோ ஏற்பாட்டாளர். இவர்கள் யாருக்கும் ஒரு வரி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சைபர் குற்றத்துக்கு ஒரு பிரிவு, அமைப்புசார் குற்றத்துக்கு வேறு பிரிவு என்று காவல் துறைகள் பிரித்து வைத்திருக்கும் சுவர், குற்றவாளிகளிடம் இல்லை.

டாக்காவும் அந்த நாட்களில் தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டது. கொள்ளை பற்றிய செய்தி வெளியே வந்தது பிப்ரவரி 29 அன்று, அதுவும் மணிலாவின் ஒரு நாளிதழில். வங்கதேசத்தின் நிதியமைச்சரே பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். பணத்தைச் சத்தமில்லாமல் மீட்டுவிடலாம் என்று வங்கி நினைத்திருக்கிறது. ஆளுநர் அதியுர் ரஹ்மான் மார்ச் 15 அன்று பதவி விலகினார். அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வது வீட்டில் ஒருவர் ஏமாந்தாலும் நடப்பதுதான். ஆனால் மத்திய வங்கி அப்படி இருந்தபோது, மூன்று வாரம் மணிலாவின் புலனாய்வுக்கு மக்கள் அழுத்தம் என்று எதுவும் இல்லாமல் போனது.

முன்னே கேட்ட சத்தமும் பின்னே கேட்ட சத்தமும்

இந்த முறை புதிதில்லை என்பது பிறகு தெரிந்தது. 2015 ஜனவரியில் ஈக்வடாரின் பாங்கோ டெல் ஆஸ்த்ரோவிலிருந்து ஸ்விஃப்ட் உத்தரவுகள் வழியாக ஏறக்குறைய 1.2 கோடி டாலர் போயிருந்தது. 2015 கடைசியில் வியட்நாமின் டிபி வங்கியில் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் எடுக்க முயன்று தோற்றிருந்தார்கள். இரண்டும் வெளியே தெரிந்தது 2016 மே மாதம், வங்கதேசம் உலகச் செய்தியான பிறகு. வியட்நாமில் முயற்சி தோற்ற வாரமே ‘ஸ்விஃப்ட் கணினிகளைப் பாருங்கள், இப்படி வருகிறார்கள்’ என்று எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிருந்தால், டாக்காவில் நின்றுபோன பிரிண்டரை யாரும் சாதாரணமாக விட்டிருக்க மாட்டார்கள். இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். தகவல் இருந்தது. அது இருந்த இடத்திலேயே கிடந்தது.

சரி, வங்கதேசத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று கேட்கலாம். 2018 பிப்ரவரிக்கு வருவோம். கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கி. பிப்ரவரி 7 காலை கணக்குச் சரிபார்க்கும்போது, வங்கி அனுப்பாத மூன்று ஸ்விஃப்ட் உத்தரவுகள் முந்தைய நாள் போயிருப்பது தெரிந்தது. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். 5 லட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்கு, 3 லட்சம் யூரோ ஃப்ராங்பர்ட் வழியாகத் துருக்கிக்கு, 10 லட்சம் டாலர் சீனாவுக்கு. ஸ்விஃப்ட்டோடு இணைந்த பிரிண்டர் முன்னதாகவே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. டாக்காவில் செய்த அதே வேலை, இரண்டு ஆண்டு கழித்து, காவிரிக்கரையில்.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்தார்கள், உடனே இடைவங்கிகளுக்குச் சொன்னார்கள். துபாய்க்கும் துருக்கிக்கும் போன பணம் மறிக்கப்பட்டது. வாரக்கணக்கில் மறைக்காமல், பதினைந்து நாட்களுக்குள் பொதுவெளியில் அறிவித்தார்கள். கும்பகோணத்து வங்கி டாக்காவின் மத்திய வங்கியைவிட வேகமாக நடந்துகொண்டது. ஏனென்றால் அதற்குள் டாக்காவின் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் பட்டதைச் சொன்னால் அடுத்தவர் தப்பிக்கிறார். ஆனால் எல்லோரும் தப்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேவின் காஸ்மோஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து ஏறக்குறைய 94 கோடி ரூபாய் போனது. போலி அட்டைகளோடு 28 நாடுகளில் ஏடிஎம்களில் சில மணி நேரத்துக்குள் ஆட்கள் பணம் எடுத்தார்கள்.

179 பக்கங்கள், ஒரு பெயர்

புலனாய்வில் அமெரிக்காவின் எஃப்பிஐ செய்த வேலை உண்மையிலேயே பெரியது. 2018 செப்டம்பரில் வெளியான குற்றப் புகார் 179 பக்கம். வட கொரியாவைச் சேர்ந்த பார்க் ஜின் ஹியோக் என்பவர் மேல் அது. 2014-இல் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தில் நடந்த ஊடுருவல், வங்கதேச வங்கிக் கொள்ளை, 2017 மே மாதம் பல நாடுகளின் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற மால்வேர், மூன்றையும் ஒரே குழுவோடு அது இணைத்தது. எப்படி? ஒரே மின்னஞ்சல் கணக்குகள் திரும்பத் திரும்ப வந்தன. ஓரிடத்தில் தன்விவரக் குறிப்பு அனுப்பிய முகவரி வேறோர் இடத்தில் வேறு வேலைக்குப் பயன்பட்டிருந்தது. கோப்புகளை அழிக்க எழுதிய நிரல் துண்டு வெவ்வேறு மால்வேர்களில் ஒன்றாக இருந்தது. 2021 பிப்ரவரியில் இன்னும் இருவர் சேர்க்கப்பட்டார்கள். வட கொரியா இவை எல்லாவற்றையும் மறுக்கிறது.

மூவரில் ஒருவரும் நீதிமன்றத்தில் நின்றதில்லை. நிற்கவும் போவதில்லை. பியோங்யாங் யாரையும் ஒப்படைக்காது. ஆகவே ஹேக்கர்களின் பெயரை வெளியிட்டதே வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பணத்தைக் கைமாற்றியவர்கள் சட்டம் எட்டக்கூடிய இடத்தில் இருந்தார்கள். ஆர்சிபிசி கிளையின் முன்னாள் மேலாளருக்கு 2019 ஜனவரியில் மக்காத்தி நீதிமன்றம் எட்டுக் குற்றச்சாட்டுகளில் 32 முதல் 56 ஆண்டு சிறைத் தண்டனையும் 10.9 கோடி டாலருக்குமேல் அபராதமும் விதித்தது. வட கொரியக் குழுக்களுக்காகப் பல வங்கிக் கொள்ளைப் பணங்களைக் கைமாற்றிய கனடாவைச் சேர்ந்த ஒருவருக்கு 2021-இல் அமெரிக்க நீதிமன்றம் 140 மாதச் சிறை கொடுத்தது. காஸ்மோஸ் வழக்கில் 2023-இல் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. இவர்கள் எல்லோரும் பணத்தைக் கையால் தொட்டவர்கள். காவல் துறைகள் தங்கள் நேரத்தையும் ஆளையும் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

பெரிய இடங்கள் இதில் எவ்வளவு தப்பின என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்சிபிசிக்கு பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி 100 கோடி பெசோ அபராதம் விதித்தது. மீதிப் பணத்துக்காக வங்கதேச வங்கி 2019 ஜனவரியில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. ஆர்சிபிசி பதிலுக்கு மணிலாவில் அவதூறு வழக்குப் போட்டது. நியூயார்க் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்திலிருந்து மாநில நீதிமன்றத்துக்கு மாறி, ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நாலே நாளில் போன பணத்தைத் திருப்பிக் கேட்கவே இவ்வளவு காலம்.

மாறியவை

எதுவும் மாறவில்லை என்று சொன்னால் அது பொய். பிலிப்பைன்ஸ் 2017 ஜூலையில் கேசினோக்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஸ்விஃப்ட், உறுப்பு வங்கிகள் கட்டாயம் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு விதிகளை வகுத்தது, முன்பெல்லாம் அது அவரவர் பாடு. சைபர் குற்றத்துக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை 2001-இல் உருவானது. அதில் ஒவ்வொரு நாடும் 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு மையம் வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. இலங்கை 2015-இலேயே சேர்ந்துவிட்டது, தெற்காசியாவில் முதல் நாடு. பிலிப்பைன்ஸ் 2018-இல் சேர்ந்தது. இந்தியாவும் வங்கதேசமும் கொள்ளை நடந்தபோது அதில் இல்லை. உருவாக்கும்போது எங்களைக் கேட்கவில்லை என்பது இந்தியா நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நள்ளிரவில் ஒரு வெளிநாட்டு வங்கியிலிருந்து பணத்தை நிறுத்த வேண்டியிருக்கும்போது அந்த நியாயம் கைகொடுக்காது.

என் பார்வையில் மிக உருப்படியான மாற்றம் இன்டர்போல் 2022-இல் சோதனையாகத் தொடங்கிய பணம் நிறுத்தும் விரைவு முறை. அதன் பலனை 2024 ஜூலையில் பார்த்தோம். சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனத்துக்கு, வழக்கமாகச் சரக்கு தருபவர் அனுப்பியது போலவே மின்னஞ்சல் வந்தது, இனி பணத்தைத் திமோர் லெஸ்தேயில் உள்ள புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று. முகவரியில் சிறு வித்தியாசம், கவனிக்கவில்லை. ஜூலை 19 அன்று 4.23 கோடி டாலர் அனுப்பிவிட்டார்கள். உண்மையான நிறுவனம் பணம் வரவில்லையே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஜூலை 23 அன்று காவல் துறையிடம் போனார்கள். சிங்கப்பூர் போலீஸ் இன்டர்போல் வழியாகத் திமோர் லெஸ்தேயைத் தொடர்புகொண்டது. ஜூலை 25 அன்று 3.9 கோடி டாலர் அங்கே முடக்கப்பட்டுவிட்டது உறுதியானது. அடுத்து ஏழு பேர் கைது, இன்னும் 20 லட்சம் டாலருக்கு மேல் மீட்பு.

நாலு நாள் தாமதமாகச் சொல்லியும், தொடர்பு கிடைத்த இரண்டே நாளில் பெரும்பகுதி நின்றது. இந்தியாவில் நாம் பணத்தை இழந்த உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்வதும் இதே கணக்குதான். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வேண்டும். 1930-இல் சொன்ன புகார் நாட்டுக்குள் இருக்கும் வங்கிகளுக்கு வேகமாகப் போகிறது. எல்லை தாண்டிவிட்டால் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் நம் அரசு இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது.

பின்னோக்கிப் போனதும் உண்டு. வட கொரியா மீதான தடைகளை மீறுவது யார், எந்த வங்கி வழியாக, எந்த நாட்டில் என்று ஆண்டுதோறும் ஆராய்ந்து எழுதிவந்த ஐநா நிபுணர் குழு, 2019-இல் அந்நாடு சைபர் தாக்குதல்கள் வழியாக ஏறக்குறைய 200 கோடி டாலர் திரட்டியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2024 மார்ச்சில் ரஷ்யா தன் வீட்டோவால் அந்தக் குழுவை நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டே, 2025 பிப்ரவரியில், பைபிட் என்ற கிரிப்டோ நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் போனது. வட கொரியாவே செய்தது என்று எஃப்பிஐ அறிவித்தது. ஸ்விஃப்ட் வாசல் கொஞ்சம் இறுகியதும் கிரிப்டோ வாசலுக்குப் போய்விட்டார்கள்.

ஐநா பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று சைபர் குற்றத்துக்கான புதிய உடன்படிக்கையை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறந்தபோது 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன. 40 நாடுகள் உறுதிசெய்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். 24 மணி நேரத் தொடர்பு மையம் இதிலும் உண்டு. நான்கு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள எந்தக் குற்றத்துக்கும் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் மின்னணு ஆதாரம் கேட்கலாம் என்பதும் இதில் இருக்கிறது. பத்திரிகையாளரையும் எதிர்க்குரல் எழுப்புபவரையும் குற்றவாளியாக்கும் அரசுகள் இதைப் பயன்படுத்தும் என்று மனித உரிமை அமைப்புகள் எதிர்க்கின்றன. அந்தப் பயம் வீண் பயம் இல்லை. பணத்தை முடக்கும் கோரிக்கைக்கு ஒரு வேகமான தனிப் பாதையும், ஒருவருடைய செய்திகளையும் உரையாடல்களையும் கேட்கும் கோரிக்கைக்கு நீதிபதி பார்த்து அனுமதிக்கும் மெதுவான பாதையும் வேண்டும். ஒரு கணக்கைத் தவறாக முடக்கினால் மறுநாள் திறந்துவிடலாம், வெளிநாட்டு அரசின் கைக்குப் போன உரையாடலைத் திரும்ப வாங்க முடியாது. உறுதிசெய்யும் முன் டெல்லியும் கொழும்பும் டாக்காவும் தங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் இந்த இரண்டு பாதைகளையும் பிரித்து எழுதியாக வேண்டும். உடன்படிக்கை அதற்கு இடம் தருகிறது, எழுதுவது அந்தந்த நாடாளுமன்றத்தின் வேலை.